சதுர அடைப்புக்குறிகள் அவளுடையவை

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்களுக்குக் கதை கனவில் வரும், ரயில் ஜன்னலில் வரும் என்கிறார்கள். எனக்குக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை கோப்பையைத் தூக்கினேன். கீழே ஒரு தாள். 'ஒலிப்பதிவில் பங்கேற்றவரின் ஒப்புதல் படிவம்.' ஏழு பத்தி, கடைசியில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே என் கையெழுத்து வர வேண்டுமாம்.

"திங்கக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள வேணும்," என்றாள் என் மனைவி. "இல்லன்னா என் ப்ராஜெக்ட்ட எடுத்துக்க மாட்டாங்க. அது இல்லன்னா டிகிரி கெடையாது. அடுத்த வருஷம் மறுபடி மொதல்லேருந்து."

"யோசிச்சு சொல்றேன்."

"நீங்க யோசிச்சு சொன்னது இதுவரைக்கும் ஒண்ணு உண்டா?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்கு மூன்று நாள் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டால் அவளுக்குப் பட்டம் கிடைக்கும். போட்ட மறு விநாடி, முப்பத்தொன்பது வருடமாக நான் சொல்லிவரும் கதை ஒன்று செத்துப்போகும். என் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அது. "நம்ம கதைய ஒரு தடவை முழுசா எழுதிப் பாத்துட்டுப் போடறேனே" என்றேன். அவள் நிபந்தனை விதித்தாள்: எழுதுவதை எல்லாம் அவள் படிப்பாள்; பொய் வரும் இடத்தில் சதுர அடைப்புக்குறி போட்டுத் திருத்துவாள்; அதை நான் அழிக்கக் கூடாது.

ஆகவே வாசகரே, வளைந்த அடைப்புக்குறி வந்தால் அது நான் (உங்கள் காதோரம் குசுகுசுக்கிறேன்). சதுரமாக வந்தால் [அது நான்.]

நாங்கள் யாரென்று சொல்லவில்லையே. நான் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், ஒரே பெட்டிக்குள் முப்பத்தொரு வருடம் நின்றேன். ஏறி இறங்கிய தூரத்தைக் கூட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். [கூட்டிப் பார்த்தேன். போகும் வழியில் ஏழில் ஒரு பங்கு.] அவள் அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் சுருக்கெழுத்தாளர். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றாள். அடுத்த மாதமே கல்லூரிக்குப் போய், தகவல் தொடர்பும் ஊடகமும் என்ற மூன்று வருடப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாள். இப்போது கடைசிப் பருவம்.

2

கதையை எங்கே தொடங்குவது?

தொடக்கம் ஒன்று: 'அவள் கல்லூரிக்குள் கால் வைத்த அன்று ஆயிரம் மாணவர்கள் இருபுறமும் எழுந்து நின்று

[வகுப்பில் மொத்தம் இருபத்திரண்டு பேர். அன்றைக்குப் பாதிப் பேர் வரவில்லை.]

தொடக்கம் இரண்டு: 'சில குழந்தைகள் அழுதுகொண்டு பிறக்கும். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு

[அப்போது நீங்கள் அங்கே இல்லை. யார் சொன்னது?]

சரி, மூன்றாவதை மூடிய வாயோடு எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் துறைத் தலைவி எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டார்: இந்தப் படிப்புக்கு ஏன் வந்தீர்கள்? ஒருத்தி செய்தி வாசிக்க வேண்டும் என்றாள். ஒருவன் சினிமா என்றான். இன்னொருவன், "கணக்கு வராது மேடம்," என்று உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கடைசியில் அவள் முறை. கைப்பையை மடியில் வைத்தபடி எழுந்தாள், அது கீழே விழுந்தது, எடுத்துக்கொண்டு பேசினாள்.

"முப்பத்தாறு வருஷம் மத்தவங்க சொன்னத எழுதினேன், மேடம். அவங்க சொன்னது சரியா தப்பான்னு கேக்கற எடத்துல நான் இல்ல. எப்படிக் கேக்கறதுன்னு கத்துக்க வந்திருக்கேன்."

வகுப்பே எழுந்து நின்று இருபது நிமிடம் கைதட்டியது. [யாரும் தட்டவில்லை. துறைத் தலைவி "உக்காருங்க" என்றார். ஆனால் அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்தேன்.]

பார்த்தீர்களா? என் இருபது நிமிடக் கைதட்டலைவிட அவளுடைய அந்த ஒரு நோட்டு வரி நன்றாக இருக்கிறது. எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

3

ஒரு படிப்பு வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? எங்கள் வீட்டுக்குள் அது சாப்பாட்டு மேஜை வழியாக வந்தது.

"இன்னிக்குக் காய்க்கடைக்காரர் என்னப் பாத்ததும் எந்திரிச்சு நின்னாரு," என்றேன் ஒரு நாள்.

"எத்தன மணிக்கு?"

"என்னது எத்தன மணிக்கு?"

"எந்திரிச்சது. பக்கத்துல வேற யாரு இருந்தாங்க? அவரு ஒங்களுக்காக எந்திரிச்சாரா, தராச எடுக்க எந்திரிச்சாரா?"

தராசை எடுக்கத்தான். அவள் மறுநாள் போய்க் கேட்டுவிட்டே வந்தாள்.

இரண்டாம் பருவத்தில் ஒரு படம் வரைந்து காட்டினாள். இந்தப் பக்கம் சொல்கிறவர், அந்தப் பக்கம் கேட்கிறவர், நடுவில் போகும் செய்தி, அந்தச் செய்தியைக் கெடுக்கிற இரைச்சல். தகவல் தொடர்பின் அரிச்சுவடியே அதுதானாம்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க தெரியுதா?"

பெருமையாகச் சொல்கிறவரைத் தொட்டேன். அவள் என் விரலைப் பிடித்து நகர்த்தி இரைச்சலின் மேல் வைத்தாள்.

(வாசகரே, நாற்பது வருடம் ஆகப்போகிற திருமணத்தில் மனைவி கணவனின் விரலைப் பிடிக்க ஒரு பாடத்திட்டம் தேவைப்பட்டது. அந்தக் கல்லூரிக்கு என் முதல் நன்றி.)

இவ்வளவு கேள்வி கேட்கிறாளே, வீட்டில் சண்டை வந்திருக்குமே என்று நினைப்பீர்கள். வரவில்லை. என் பொய்களை இதற்கு முன்னால் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதே கிடையாது. முப்பத்தொரு வருடம் நான் பேசியது முதுகுகளோடு. லிஃப்டில் ஏறுகிறவர்கள் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள் அல்லவா?

4

கடைசிப் பருவத்துக்கு வந்த வேலை இது: பத்து நிமிடம், ஒலி மட்டும், ஒரு குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை. விதி ஒன்றே ஒன்று. கதையைச் சொல்கிறவரை விட்டுவிட்டு, அது நடந்ததற்கு வேறு இரண்டு ஆதாரம் வேண்டும்.

அவள் எங்கள் லிஃப்ட் கதையை எடுத்தாள்.

அந்தக் கதையை நீங்களும் கேட்டுவிடுங்கள். உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. முப்பத்தொன்பது வருடத்துக்கு முன், அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். வெளியே பேய்மழை. லிஃப்டுக்குள் நானும் அவளும் மட்டும். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மின்சாரம் போய், லிஃப்ட் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். அவள் மயங்கிச் சரிகிறாள். [நான் பிறந்ததிலிருந்து மயங்கியதில்லை.] நான் கூரைக் கதவை உடைத்து மேலே ஏறுகிறேன். இருட்டு. அறுபது அடிப் பள்ளம். அவள் தலையிலிருந்த ஹேர்பின்னை வைத்து வயரைச் சேர்க்கிறேன். தீப்பொறி! லிஃப்ட் நகர்கிறது. அவள் கண் திறந்து பார்க்கும் முதல் முகம் என்னுடையது. அடுத்த வருடம் கல்யாணம்.

இந்தக் கதையைப் பதினோராயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். [என் முன்னால் சுமார் முந்நூறு.] மகள்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினார்கள். [பெரியவள் மட்டும். ஆறுதல் பரிசு.]

இந்தக் கதாநாயகனை நம்ப முடிகிறதா? எழுத்தாளனாக எனக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு. லிஃப்ட் ஆபரேட்டருக்கு வயரைப் பற்றி என்ன தெரியும்? தீப்பொறி வர மின்சாரம் வேண்டுமே, அதுதான் போய்விட்டதே? இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் பாத்திரத்தை மாற்றுவார். நான் மழையைக் கொஞ்சம் கூட்டுவேன்.

5

அவள் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, எல்லோரும் அவளை மைக் என்பார்கள். ஒலிவாங்கியை நீட்டாமல் காப்பி வேண்டுமா என்றுகூட யாரையும் கேட்க மாட்டாள். இருவரும் சேர்ந்து பழைய கட்டடத்துக்குப் போனார்கள். கீழ்த்தளத்துக் கிடங்கில் ஒரு நாள் முழுக்கத் தும்மித் தும்மி, லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டைத் தோண்டி எடுத்தார்கள். அந்தத் தேதிக்கு நேராக இருந்தது இவ்வளவுதான்:

'காலை 10.40 முதல் 10.51 வரை. நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் நின்றது. பழுது எதுவும் இல்லை. உள்ளிருந்து நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளது.'

பதினோரு நிமிடம். மின்சாரம் போகவில்லை. அவள் வானிலைக் குறிப்பையும் தேடிப் பார்த்தாள். மழையும் இல்லை.

இரண்டாவது ஆதாரம், அந்நாளைய லிஃப்ட் மெக்கானிக். இப்போது பேரப்பிள்ளைகளின் சைக்கிளைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார். ஒலிவாங்கியைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொன்னாராம்:

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. ரெட் பட்டன யாரோ உள்ளேருந்து அமுக்கியிருக்காங்க. கேட்டேன். இவரு, 'என் கை பட்டுடுச்சு'ன்னாரு. கையி எப்படிய்யா படும், மூடி போட்ட பட்டன்ல? மெமோ குடுத்து மூணு நாள் வீட்ல ஒக்கார வெச்சாங்க."

(அந்த மூன்று நாளை 'வீரச் செயலுக்கான சிறப்பு விடுமுறை' என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.)

அதற்கடுத்த சனிக்கிழமை என்னைப் பேட்டியெடுக்க வந்தார்கள். எங்கள் படுக்கையறைதான் ஒலிக்கூடம். எதிரொலி வராமல் இருக்க ஜன்னலுக்குக் கம்பளி. மைக் எதிரில் உட்கார்ந்தாள். என் மனைவி மூலையில், காதில் ஹெட்போன் மாட்டி, பதிவுக் கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு.

மைக்குக்கு என் மனைவி அக்கா, நான் அங்கிள். உறவுமுறை அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை போல. ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் அங்கிளுக்கான சிரிப்பு இல்லை.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். ரெக்கார்டு ஓடுது."

"கேளும்மா."

"மழ இல்ல. கரண்டும் போகல. பட்டன அமுக்கியிருக்காங்க. ஒரு சின்னப் பொண்ணு தனியா லிஃப்ட்ல இருக்கறப்ப, நீங்க வேணும்னே நிறுத்தி வெச்சீங்களா?"

அந்தப் பெண் கேட்டது தப்பே இல்லை. அதைக் கேட்கத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் மகள்களும் அப்படித்தான் கேட்க வேண்டும். இரண்டு ஆதாரம் கையில் இருக்கிறது. மூன்றாவதாக என் வாய்.

"ஆமாம்மா," என்றேன். "நாந்தான் அமுக்கினேன்."

பதிவேடு, மெக்கானிக், குற்றவாளியின் வாக்குமூலம். மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருந்தின. என் வாழ்நாளில் இவ்வளவு கச்சிதமாக நிரூபிக்கப்பட்ட கதையை நான் சொன்னதே இல்லை.

அதுவும் பொய்.

மூலையில் என் மனைவி ஹெட்போனைக் கழற்றினாள்.

"அக்கா, கட் பண்ணிடவா?" என்றாள் மைக், மெதுவாக.

"வேணாம். ஓடட்டும். மைக்க இந்தப் பக்கம் திருப்பு." அவள் தொண்டையைச் செருமினாள். "அமுக்கினது நான்."

6

துறைத் தலைவி பதிவைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். துடைத்துவிட்டுத் திரும்பவும் கேட்டாராம்.

"மூணு சோர்ஸும் ஒத்துப்போகுது, ஆனா முடிவு தப்பு. இது வரைக்கும் நான் இத சொல்லிக்குடுத்ததே இல்லையே," என்று சிரித்திருக்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா ஒண்ணு. ஒங்க வீட்டுக்காரர் ஒண்ணு சொல்லியிருக்காரு, நீங்க அத ஒடைக்கப் போறீங்க. நீங்களும் கதைக்குள்ள இருக்கீங்க. அவரு எழுதிக் குடுக்காம இத நான் வாங்க முடியாது. ஒருத்தரோட கத அவரோடது," என்றார்.

அப்படி வந்ததுதான் காப்பிக் கோப்பைக்கு அடியில் இருந்த தாள்.

நான் ஏன் போடவில்லை? உண்மையைச் சொல்கிறேன். [சொல்லுங்கள்.] மழை, மின்சாரம், மூன்று மணி நேரம், ஹேர்பின் என்று நான் கூட்டிக்கொண்டே போனதற்குக் காரணம், பொத்தானைப் பற்றி ஒருத்தரும் கேட்கக் கூடாது என்பதுதான். அவள் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். லிஃப்டை நிறுத்தியது அவள் என்று தெரிந்தால் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மெமோ முடிந்து, அவள் வேலை நிரந்தரமாகி, எல்லாம் அடங்கியது. அதற்குள் எனக்கு மழை பிடித்துப்போய்விட்டது. பொய்யைத் தொடங்கியது அவளுக்காக, தொடர்ந்தது எனக்காக. ஹேர்பின் இல்லாவிட்டால் நான் யார்? பதினோரு நிமிடம் ஒரு பெட்டிக்குள் சும்மா நின்ற ஆள். அதை வைத்து யாருக்கு என்ன கதை சொல்ல முடியும்?

7

அந்தப் பதினோரு நிமிடத்தை எழுத ஞாயிற்றுக்கிழமை முழுக்க முயன்றேன்.

'அவள் அழுதாள். நான் அவளுக்கு உலகத்தின் மிகச் சிறந்த ஆறுதலை

'நான் ஒரு நகைச்சுவை சொன்னேன், அவள் கண்ணீருக்கிடையே

'"கவலைப்படாதீங்க, இந்த லிஃப்ட்காரன் இருக்கிற வரைக்கும்

மூன்றையும் அப்படியே மேஜையில் விட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், தாளின் கீழ்ப்பாதி முழுக்க அவள் கையெழுத்து.

[மூன்றும் தவறு. நான் எழுதுகிறேன்.

முந்தின நாள் ஆறாவது மாடி அதிகாரி ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் தப்பாகச் சொன்னார், சொன்னபடி எழுதினேன். மேலிடத்தில் கேள்வி வந்ததும் "நான் இப்படிச் சொல்லவே இல்லை" என்றார். நோட்டை எல்லோர் முன்னாலும் என் மேல் எறிந்தார். மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு வந்து மன்னிப்புக் கேள் என்றார். அதற்காகத்தான் மேலே போய்க்கொண்டிருந்தேன். நாலாவது மாடி தாண்டியதும் மூடியைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினேன். ஆறாவது மாடி வரக் கூடாது என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை.

இந்த மனிதர் அந்தக் கட்டடத்திலேயே பெரிய வாயாடி. ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பொத்தானை விடுவிக்கவும் இல்லை. திரும்பி, கதவைப் பார்த்து நின்றுகொண்டார், நான் அழுவதற்கு வசதியாக. மேலேயிருந்து மெக்கானிக் கத்தியபோது "பாத்துக்கிட்டிருக்கேன்" என்று ஒரு சொல். அவ்வளவுதான். பதினோரு நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார்.

பிறகு நானே பொத்தானை விடுவித்தேன். மேலே போய் மன்னிப்புக் கேட்டேன். அழாமல் கேட்டேன்.

மூன்று மணி நேரக் கதையில் வருகிற வீரரை நான் பார்த்ததில்லை. நான் கல்யாணம் செய்துகொண்டது பேசாமல் நின்ற ஆளை. அவரைப் பற்றி இவர் ஒரு நாள்கூடப் பேசியதில்லை. அதனால்தான் பத்து நிமிடம் கேட்கிறேன். நன்றி என்ற வார்த்தை மேடைக்கு உரியது, வீட்டில் சொன்னால் சிரிப்பு வரும். ஒலிப்பதிவில் சொல்லலாம் என்று படிப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.]

நான் இதற்கு வளைந்த அடைப்புக்குறி எதுவும் போடப்போவதில்லை.

8

முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் தங்கப்பதக்கம் வாங்குகிறாள், மேடை இடிந்து விழும் அளவுக்குக் கைதட்டல். [இன்னும் சமர்ப்பிக்கவே இல்லை.] இன்னொன்றில் நான் கையெழுத்துப் போட மறுத்து, கடைசி நிமிடத்தில் கல்லூரி வாசலுக்கு ஓடி, மூச்சிரைக்க, பேனாவை வாயில் கவ்வியபடி [உங்களால் பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஓட முடியாது.] இரண்டையும் கிழித்தாயிற்று. நடந்தது இது: காலை எட்டரைக்கு அவள் எழுதியதைப் படித்தேன். எட்டு முப்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டேன். நடுவில் ஐந்து நிமிடம் மூக்குச் சிந்தினேன்.

மகள்கள் இரண்டு பேருக்கும் போன் போட்டு, ஹேர்பின் பொய் என்றேன். சின்னவள், "தெரியும்ப்பா, அம்மா ஹேர்பின்னே போட மாட்டாங்களே," என்றாள். பெரியவள் ஆறுதல் பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள்.

பத்து மணிக்கு அவள் மடிக்கணினியைத் திறந்து முழுப் பதிவையும் எனக்குப் போட்டுக் காட்டினாள். பதிவேட்டின் பக்கம் புரளும் சத்தம். மெக்கானிக். மைக்கின் கேள்வி. என் பொய். "அமுக்கினது நான்." பிறகு அவள் குரலில், "அவர் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றார்." அதற்கப்புறம் ஒரு மௌனம். நாலு விநாடி.

"ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு?" என்றேன்.

"நாலு செகண்டுக்கு மேல சத்தம் இல்லன்னா, கேக்கறவங்க ஏதோ பழுதுன்னு நெனச்சு நிறுத்திடுவாங்களாம். மேடம் மொத வருஷத்துலயே சொன்னாங்க."

"போதாதும்மா."

"எவ்ளோ வேணும்?"

"பதினோரு நிமிஷம்."

"மொத்தமே பத்து நிமிஷந்தாங்க!" அவள் சிரித்துவிட்டாள். திரையில் அந்த மௌனம் ஒரு நேர்க்கோடாகத் தெரிந்தது. "இந்த ஓரத்தப் புடிச்சு இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். நான் தல வாரிட்டு வர்றேன். நீங்களே முடிவு பண்ணுங்க. எவ்ளோ விட்டாலும் அப்படியே குடுத்துடறேன். மேடம் மார்க் கொறச்சா கொறச்சுக்கட்டும்."

இப்போது மணி பத்தரை. பதினொன்றேகாலுக்குப் பேருந்து. அவள் உள்ளே இருக்கிறாள். கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதையும் நாலு மடங்காக்கத் தெரிந்த எனக்கு, இதை எத்தனை விநாடி ஆக்குவது என்று தெரியவில்லை. ஐந்து வைத்தேன். ஒன்பது வைத்தேன். இருபத்திரண்டு வைத்துக் கேட்டேன். அதில் அந்த அறையின் காற்றும், மூலையில் அவள் மூச்சு விடுவதும் கேட்டன. அதற்கு மேல் என்னால் தனியாக முடிவுசெய்ய முடியாது.

நீங்கள் வெளியாள், அவளையும் கேட்டுவிட்டீர்கள், என்னையும் கேட்டுவிட்டீர்கள். நான் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் வையுங்கள். அதுவரை நான் பேசவில்லை.